பிரைட்டன் கடற்கரையில் ஒரு சிப்பி விருந்து

வெளியூர் செல்லும்போது நாம் எல்லோரும் உணவு விடுதியில் சாப்பிடுகிறோம். இலையில் விழும் சோறு எந்தத் தண்ணீரில் வெந்தது, குழம்பில் கிடக்கும் மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. சமைத்தவரின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஆயினும் நம்பிக்கையோடு உண்டுவிட்டுக் கை கழுவி எழுகிறோம்.

இந்த நம்பிக்கை தானாக வந்ததா? இல்லை. விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு அதை உண்டாக்கினார்கள். அந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் நடந்தது. கடற்காற்று வாங்க வந்தவர்கள் விரும்பி உண்ட ஒரு சிறு சிப்பிதான் அதன் நாயகன். அந்த நகருக்கு ஒருமுறை போய் வருவோம், வாருங்கள்.

மருந்தாக வந்த கடல் நீர்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் ஒரு மீனவர் ஊர். அன்று அதற்குப் பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று பெயர். அருகில் உள்ள லூயிஸ் என்னும் ஊரில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற மருத்துவர் இருந்தார். கடல் நீர் பல நோய்களைப் போக்கும் என்று 1750 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். கடலில் குளிப்பது மட்டுமல்ல, கடல் நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவருடைய கட்டளை! செல்வர்கள் பலர் நோய் தீரப் பிரைட்டனுக்கு வரத் தொடங்கினர். 1783 இல் இளவரசர் ஜார்ஜ் வந்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவர் இவரே. இளவரசர் போகும் இடத்துக்கு ஊரே போகும் அல்லவா? மீனவர் ஊர் விரைவில் நாகரிகக் கடற்கரை நகரமாயிற்று.

ரஸ்ஸலின் மருத்துவம் இன்று நமக்குச் சிரிப்பைத் தரலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் நீர் தூயது, உடலுக்கு நல்லது என்ற எண்ணம் அன்றே மக்கள் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்த எண்ணத்துக்குத்தான் சோதனை வந்தது.

அரண்மனைச் சமையலும் ஒரு பாட்னாக்காரரும்

இளவரசருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் 1822 வரை ஓர் அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டினார். வெளியே இந்தியப் பாணிக் கவிகை மாடங்கள். உள்ளே சீனப் பாணி அலங்காரங்கள். ராயல் பெவிலியன் என்னும் அந்த மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் பெரிய சமையலறையில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களுக்கு உச்சியில் செம்பினால் ஆன பனையோலைகள் உண்டு. உணவு ஆறாமல் இருக்க நீராவியால் சூடாக்கப்படும் மேசையும் இருந்தது. புகழ் பெற்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர் கரேம் இங்கே பணிபுரிந்தார். 1817 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் ஒருவருக்கு அளித்த விருந்தில் நூறு வகைக்கு மேற்பட்ட பதார்த்தங்கள் பரிமாறப்பட்டனவாம்!

அதே காலத்தில் பிரைட்டனில் ஓர் இந்தியரும் வாழ்ந்தார். 1759 இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் அவர். 1810 இல் அவர் லண்டனில் இந்திய உணவு விடுதி ஒன்றைத் திறந்தார். இங்கிலாந்தில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவு விடுதியாக அதனைக் குறிப்பிடுவர். பாவம், இரண்டே ஆண்டுகளில் கடன் முற்றி அவர் நொடித்துப் போனார். பிறகு பிரைட்டனுக்கு வந்து, நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் கொண்ட குளியல் நிலையம் ஒன்றை நடத்திப் பெரும் புகழ் பெற்றார். மன்னர்களே அவரை நாடினர். 1851 இல் பிரைட்டனிலேயே மறைந்தார். உணவில் தோற்றவர் குளியலில் வென்றார். பழகாத உணவை நம்ப வைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இதே பெவிலியன் மாளிகை முதல் உலகப் போரில் இந்தியப் போர்வீரர்களுக்கு மருத்துவமனையாயிற்று. 1914 டிசம்பரிலிருந்து காயம்பட்டவர்கள் அங்கே வந்து சேர்ந்தனர். வெவ்வேறு சமயத்தாருக்கும் சாதியாருக்கும் ஏற்பத் தனித்தனியாக ஒன்பது சமையலறைகள் அமைக்கப்பட்டன. உணவு சத்துள்ளதாக இருந்தால் மட்டும் போதாது. உண்பவர் அதை நம்பவும் வேண்டும் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

புகைவண்டி கொண்டுவந்த கூட்டம்

மீண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1841 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 ஆம் நாள் லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே புகைவண்டிப் பாதை முழுமை பெற்றது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவை இரண்டு மணி நேரத்தில் கடக்க முடிந்தது. அதுவரை செல்வர்களுக்கே உரியதாக இருந்த கடற்கரை, எழுத்தர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. காலையில் வந்து மாலையில் திரும்பலாம். 1801 இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த ஊரில் 1901 இல் 1,20,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர்.

ஒரு நாள் பயணமாக வருகிறவருக்கு வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. பசித்தால் வெளியில்தான் உண்ண வேண்டும். ஆகவே தேநீர்க் கடைகளும் விடுதிகளும் தெருக் கடைகளும் பெருகின. பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்த உணவு 1860களுக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. பனிக்கட்டியில் வைத்த மீனைப் புகைவண்டி விரைவாகக் கொண்டு சேர்த்ததே அதற்குக் காரணம்.

ஆனால் கடற்கரைக்கு வந்தவர்கள் தனியாக ஆசைப்பட்டது ஆய்ஸ்டர் எனப்படும் உணவுச் சிப்பிக்குத்தான். நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஏழைகளின் மலிவு உணவு. அளவுக்கு மீறிப் பிடித்ததால் பிற்பகுதியில் விலை ஏறிற்று. அப்போதும் ஏழைகளுக்கு மஸ்ஸல் என்னும் கருநிறச் சிப்பி மலிவாகக் கிடைத்தது. ஆய்ஸ்டரை உண்ணும் முறை என்ன தெரியுமா? ஓட்டைத் திறந்து, சிறிது எலுமிச்சைச் சாறோ காடியோ விட்டு, மிளகுத் தூள் தூவி, பச்சையாகவே விழுங்கிவிடுவார்கள். நெருப்பு என்பதே அதைத் தொடுவதில்லை.

பொரித்த மீனுக்கும் பச்சைச் சிப்பிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. எலுமிச்சைச் சாறும் மிளகும் அவற்றைக் கொல்வதில்லை.

காரணம் தெரியாத காய்ச்சல்

டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சல் அந்தக் காலத்தில் ஐரோப்பாவை நடுங்க வைத்த நோய். நோயுற்றவர் வாரக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடப்பார். பத்துப் பேரில் ஒருவராவது இறந்துபோவார். அதைக் குணப்படுத்தும் மருந்து 1948 வரை கிடைக்கவில்லை. அரச குடும்பமும் அதற்கு விலக்கல்ல. 1871 இல் ஸ்கார்பரோ என்ற கடற்கரை நகரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கிய பட்டத்து இளவரசர் எட்வர்டு இக்காய்ச்சலால் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். அதே மாளிகையில் தங்கிய மற்றொரு பிரபு இறந்தே போனார்.

1880 இல் எபர்த் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டார். 1884 இல் காஃப்கி அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, மற்றொருவரின் வாய்க்குள் எவ்வழியாகவோ போய்ச் சேர்கிறது. தண்ணீர் ஒரு வழி; பால் மற்றொரு வழி. வேறு வழிகள் உண்டா?

பிரைட்டன் நகராட்சி தன் கடமையைச் செய்யாமல் இருக்கவில்லை. நகரம் சுண்ணாம்புப் பாறை மீது அமைந்தது. வீட்டுக் கழிவுகள் முன்பு அப்பாறையில் தோண்டிய குழிகளில் தேங்கின. அல்லது நகரின் முன்கடலிலேயே விழுந்தன. குளிக்க வருவோர் முகம் சுளித்தனர். பொறியியலாளர் ஜான் ஹாக்ஷாவின் திட்டப்படி கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய சாக்கடைச் சுரங்கம் கட்டப்பட்டது. 1874 இல் அது முடிந்தது. கழிவு நீர் கிழக்கே பல கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் விடப்பட்டது. நகரம் தூய்மையாயிற்று. ஆயினும் டைபாய்டு முற்றிலும் ஒழியவில்லை. ஏன்?

ஒரு மருத்துவ அதிகாரியின் கேள்வி

1888 இல் ஆர்தர் நியூஸ்ஹோம் பிரைட்டன் நகராட்சியின் சுகாதார மருத்துவ அதிகாரியானார். புள்ளிவிவரங்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். ஒவ்வொரு டைபாய்டு நோயாளியின் வீட்டையும் தனித்தனியே ஆராய்ந்தார்.

அவருடைய சிந்தனை சென்ற வழியைக் கவனியுங்கள். குடிநீரில் கிருமி இருந்தால், அந்தக் குழாய் நீரைக் குடிக்கும் பகுதி முழுவதும் நோய் பரவ வேண்டும். பாலில் இருந்தால், ஒரே பால்காரரிடம் பால் வாங்கும் வீடுகளில் நோய் தோன்ற வேண்டும். சாக்கடை பழுதாக இருந்தால், அந்த வீட்டில் அதன் அடையாளம் இருக்க வேண்டும். ஆனால் பல நோயாளிகள் இந்த மூன்றிலும் அடங்கவில்லை. வெவ்வேறு தெரு, வெவ்வேறு பால்காரர், நல்ல சாக்கடை வசதி, ஆனாலும் காய்ச்சல்.

ஆகவே அவர் வேறொரு கேள்வி கேட்டார்: "காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரங்களில் என்னென்ன உண்டீர்கள்?" இது எளிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் டைபாய்டு கிருமி உடலில் புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே நோய் வெளிப்படும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களைக் கேட்டால் சொல்ல முடியுமா? அதிலும் பிரைட்டனுக்கு விருந்தினராக வந்தவர், நோய் வெளிப்படும்போது லண்டனில் தம் வீட்டில் படுத்திருப்பார். அவருக்கு மருத்துவம் பார்ப்பவர் லண்டனின் சாக்கடையைத்தான் சந்தேகிப்பார். குற்றம் நடந்த இடம் ஒன்று, பிணம் கிடைத்த இடம் வேறொன்று என்னும் துப்பறியும் கதை போன்றது இது.

பொறுமையாகக் கேட்டபோது ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது: சிப்பி. சிப்பி உண்டவர் எல்லோருக்குமே நோய் வருவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியூஸ்ஹோமும் அதை அறிவார். ஆகவே அந்தச் சிப்பிகள் எங்கிருந்து வந்தன என்று தேடினார். தேடல் பிரைட்டனுக்கு மேற்கே, ஷோர்ஹாம் துறைமுகத்தை ஒட்டிய சௌத்விக் என்ற இடத்துக்குக் கொண்டுசென்றது. வேறு இடங்களில் பிடித்த சிப்பிகளை விற்பனையாகும் வரை கரையோர நீரில் இட்டு வைப்பது வணிகர்களின் வழக்கம். அப்படி இட்டு வைத்த இடத்துக்கு அருகிலேயே சாக்கடை நீர் வந்து கலந்துகொண்டிருந்தது!

1894 ஆம் ஆண்டைப் பற்றிய தம் அறிக்கையில் நியூஸ்ஹோம் இதை வெளிப்படையாக எழுதினார். பின்வந்த ஆண்டுகளிலும் கணக்கெடுப்பைத் தொடர்ந்து, பிரைட்டனில் காணப்பட்ட டைபாய்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சிப்பி இனங்களே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். விருந்தினர்களை நம்பி வாழும் ஒரு நகரத்தின் அதிகாரி, அந்நகரின் விருப்பமான உணவையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார் என்பதை எண்ணிப் பாருங்கள். உண்மையை மூடி மறைத்திருந்தால் சில நாள்கள் வியாபாரம் நன்றாக நடந்திருக்கும். ஆனால் நோய் நிற்காது.

சிப்பி உண்ணும் விதம்

சிப்பி மட்டும் ஏன் இந்தக் கிருமிக்கு வாகனமாக வேண்டும்? அதன் உடலமைப்பே காரணம். சிப்பிக்குக் கால் இல்லை. இரை தேடி ஓட முடியாது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஓட்டைச் சற்றுத் திறந்து, மணிக்குப் பல லிட்டர் நீரைத் தன் செவுள்கள் வழியாகச் செலுத்துகிறது. செவுள்களின் மேல் உள்ள நுண்ணிய மயிரிழைகள் நீரில் மிதக்கும் துகள்களை வடிகட்டி வாய்க்கு அனுப்புகின்றன. நீரில் நல்ல நுண்பாசி இருந்தால் அது சிப்பிக்கு உணவு. டைபாய்டு கிருமி இருந்தால் அதுவும் வடிகட்டியில் சேர்ந்துவிடும். சிப்பிக்கு அதனால் கேடு இல்லை; உண்பவருக்கே கேடு. மீனின் குடலை நாம் நீக்கிவிடுகிறோம். சிப்பியையோ குடலோடு, சமைக்காமல் விழுங்குகிறோம்.

உப்பு நீரில் டைபாய்டு கிருமி செத்துவிடாதா என்று அன்றைய வணிகர்கள் வாதிட்டிருக்கலாம். கடல் நீர் மருந்து என்ற ரஸ்ஸலின் பழைய எண்ணம் எளிதில் போகுமா? இங்கிலாந்து அரசின் உள்ளாட்சி வாரியம் இமானுவேல் க்ளைன் என்ற நுண்ணுயிர் ஆய்வாளரைக் கொண்டு சோதித்தது. கடல் நீரிலும் சிப்பியின் உள்ளேயும் கிருமி பல நாள்கள் உயிரோடிருக்கும் என்று தெரிந்தது. அதே வாரியத்தின் புல்ஸ்ட்ரோடு என்ற மருத்துவர் கடற்கரை நெடுகிலும் சிப்பிப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து 1896 இல் விரிவான அறிக்கை அளித்தார். பல பண்ணைகள் சாக்கடை நீருக்கு அருகில் இருந்தன.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்தும் ஒரு சான்று வந்தது. 1894 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் விருந்து நடத்தின. சில வாரங்களில் 20க்கும் மேற்பட்டோருக்கு டைபாய்டு கண்டது. சிலர் இறந்தனர். பேராசிரியர் கான் ஆராய்ந்தபோது, ஒரு குறிப்பிட்ட வணிகரிடம் வாங்கிய சிப்பியைப் பச்சையாக உண்ட சங்கங்களில்தான் நோய் தோன்றியது தெரிந்தது. அந்தச் சிப்பிகளைக் கிடத்தியிருந்த ஓடைக்கு அருகில், டைபாய்டு நோயாளிகள் இருந்த வீடொன்றின் கழிவு நீர் கலந்தது.

மேயர் விருந்தில் நேர்ந்த துயரம்

எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. ஆனால் நாடு விழித்துக்கொள்ள ஒரு துயர நிகழ்ச்சி தேவைப்பட்டது. 1902 நவம்பர் 10 ஆம் நாள், வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகிய இரு நகரங்களிலும் மேயர்கள் விருந்து அளித்தனர். இரண்டிலும் எம்ஸ்வொர்த் என்ற துறையிலிருந்து வந்த சிப்பிகள் பரிமாறப்பட்டன. விருந்தினரில் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு ஸ்டீபன்ஸ் உள்படச் சிலர் இறந்தனர். எம்ஸ்வொர்த் ஊரின் புதிய சாக்கடை, சிப்பிக் கிடங்குகளின் அருகே கடலில் கலந்திருந்தது.

ஊரின் சிப்பித் தொழில் சரிந்தது. அங்கே பெரிய சிப்பி வணிகராக இருந்த ஃபாஸ்டர் என்பவர் உள்ளாட்சி மன்றத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். 1906 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. கழிவு நீரைச் சிப்பிக் கிடங்கில் விடும் உரிமை மன்றத்துக்கு இல்லை என்பது தீர்ப்பு. தட்டில் உள்ள உணவு கெட்டதற்குச் சமையல்காரரோ கடைக்காரரோ அல்லாமல், ஊரின் சாக்கடைக்குப் பொறுப்பானவரும் காரணமாகலாம் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

சிப்பிக்கு ஒரு குளியல்

சரி, சிப்பி உண்பதையே விட்டுவிடுவதா? விஞ்ஞானம் வேறு வழி கண்டது. கிருமியை உள்ளே இழுக்கும் அதே வடிகட்டியால் அதனை வெளியே தள்ளவும் முடியும் அல்லவா? வடக்கு வேல்ஸில் கான்வி என்ற இடத்தில் டாக்டர் டாட்ஜ்சன் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் இதைச் செயல்படுத்திக் காட்டினார். குளோரின் கொண்டு தூய்மையாக்கிய கடல் நீரைத் தொட்டிகளில் நிரப்பி, அதில் மஸ்ஸல்களை இட்டு வைத்தார். அவை அந்நீரை உள்ளிழுத்து வெளியேற்றித் தம்மைத் தாமே கழுவிக்கொண்டன. 1960களிலிருந்து குளோரினுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர்களால் நீரைத் தூய்மையாக்கும் முறை பரவியது. இவ்வாறு தூய்மை செய்யும் சிப்பிகள் பல மணி நேரம் தொட்டியில் இருக்க வேண்டும்.

சிப்பி வளரும் நீர்நிலைகளும் தரம் பிரிக்கப்படுகின்றன. சிப்பிச் சதை 100 கிராமில் ஈ.கோலை என்னும் குடல் நுண்ணுயிர் 230க்கு மேற்படாத இடம் முதல் தரம். அங்கே எடுத்ததை நேரடியாக உண்ணலாம். 4,600 வரை உள்ளது இரண்டாம் தரம். அதைத் தூய்மை செய்தே விற்க வேண்டும். உணவு விடுதிகளுக்கும் 2010 முதல் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் தரப்படுகிறது. இன்று பிரைட்டனுக்குச் செல்லும் ஒருவர் பல கடைகளின் வாசலிலேயே அந்த எண்ணைக் கண்டு உள்ளே போகலாம்.

முடிவுறாத கதை

இத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. நோரோவைரஸ் என்னும் மிகச் சிறிய நோய்க்கிருமி, தொட்டிக் குளியலில் எளிதில் வெளியேறுவதில்லை. அதற்குக் கடல் நீரே தூய்மையாக இருக்க வேண்டும். 1874 இல் அமைத்த சாக்கடை கழிவைச் சுத்திகரிக்காமல் தொலைவுக்கு மட்டுமே கொண்டுசென்றது. பிரைட்டன் பகுதிக்கு நவீன சுத்திகரிப்பு நிலையம் பீஸ்ஹேவன் என்ற இடத்தில் 2013 இல்தான் செயல்படத் தொடங்கியது. தென்கிழக்கு இங்கிலாந்தில் சிப்பி வளரும் கடற்பகுதிகள் உள்படப் பல இடங்களில் கழிவு நீரை விட்டதற்காக 2021 ஜூலையில் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 9 கோடி பவுன் அபராதம் விதித்தது.

வாசகர்களே, பிரைட்டனின் சிப்பி நமக்குச் சொல்லும் பாடம் என்ன? பளபளக்கும் தட்டும், வெள்ளைத் துணி விரித்த மேசையும் உணவின் தூய்மைக்குச் சான்றல்ல. தூய்மை சமையலறையில் தொடங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குழாய்களில், ஆற்றில், கடலில் அது தொடங்குகிறது. ஓர் ஊர் தன் கழிவை எங்கே விடுகிறதோ, அதைப் பொறுத்தே அந்த ஊரின் விருந்து அமையும். அடுத்த முறை வெளியூரில் நம்பிக்கையோடு ஒரு வேளை உண்ணும்போது, நோயாளிகளின் படுக்கை அருகே அமர்ந்து "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று சலிக்காமல் கேட்ட அந்த மருத்துவ அதிகாரியை நன்றியோடு நினைத்துக்கொள்ளுங்கள்.